வெள்ளை நூல் கட்டிய பத்துப் பைகள்

மரிகட்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நசியேகுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. நேற்று போனில் இதையேதான் மூன்று முறை சொன்னேன். சொல்ல நினைத்தது வேறு. உன் குரலைக் கேட்டதும் வாய் மாட்டுப் பக்கம் ஓடிவிட்டது.

சீமைக் கருவேலம் தனக்கு வேண்டிய நுண்ணுயிர்களை மண்ணில் பெருக்கிக்கொண்டு, புல்லுக்கு வேண்டியவற்றை விரட்டுகிறதா என்று பார்க்கத்தானே மண் கேட்டாய்? மரத்தடி மண் பத்துப் பை, சிவப்பு நூல். என் பழைய கூட்டாளி பார்சலோயின் வேலிக்குள் மிஞ்சியிருக்கும் புல்தரை மண் பத்துப் பை, வெள்ளை நூல். நேற்று, இரண்டிலும் ஒரே உயிர்கள்தான் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை பேராசிரியர்கள் முன்னால் அப்படியே சொல்லப்போகிறேன் என்றாய்.

வேறு எப்படி இருக்கும் மகளே? இருபது பையும் நம் வாசல் மரத்தடி மண். ஏழாவது வரை படித்தவன், நூலின் நிறத்தை மட்டும் பிழையில்லாமல் கட்டினேன்.

சோம்பலால் அல்ல. பார்சலோயின் முகத்தில் விழிக்க முடியவில்லை. அரசாங்கம் இந்த மரத்தின் நாற்றைக் கொடுத்தபோது ஊரில் முதலில் வாங்கி நட்டவன் நான். நிழல் வரும், விறகு வரும் என்று அதிகாரி மாதிரிப் பேசித் திரிந்தேன். அந்த மரம் பரவி அவன் மேய்ச்சல் நிலத்தைத் தின்றது. பத்து வருடமாகச் சந்தையில் அவனைக் கண்டால், தேவையில்லாமல் வெங்காயம் விலை கேட்கப் போய்விடுவேன்.

இன்று காலை போனேன். "மரத்துக்காரன் வர்றான், இருக்கிற புல்லை மூடி வை" என்று மனைவியிடம் சொன்னான், எனக்குக் கேட்கும்படி. நம் வழக்கப்படி மன்னிப்புக் கேட்க வருகிறவன் கையில் பச்சைப் புல் இருக்க வேண்டுமே. நான் வெறுங்கையோடு நின்றேன்.

"புல்லு எங்கடா?" என்றான்.

"எங்க பக்கம் ஏதுடா புல்லு?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. வேலிக்குள் போய் ஒரு பிடி பிடுங்கி வந்து என் கையில் திணித்தான். "இப்பக் கேளு."

கேட்டேன். பிறகு பத்துப் பை மண்ணையும் அவனே தோண்டிக் கொடுத்தான்.

அந்தப் பத்துப் பையும் இந்தக் கடிதமும் நாளை காலை வேனில் வருகின்றன. வெள்ளிக்கிழமை அந்தத் தவறான முடிவைச் சொல்லிவிடாதே. மண் அள்ளியவன் ஏமாற்றிவிட்டான் என்று சொல். யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல். உன் பட்டம் தள்ளிப்போனால் அது என்னால்தான், உன்னால் அல்ல.

கடவுள் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும். திட்டி எழுதம்மா. உன் அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுகிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அப்பா,
லெமாங்கி