லயத்து விலாசத்துக்கு ஒரு கடிதம்

முருகன் துணை

தெல்தோட்டை
6.12.1981, ஞாயிறு

அன்பு மகன் லெட்சுமணனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உன் அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம், திருகோணமலையில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று கதிர்காமத்தானைக் கும்பிட்டபடிதான் பேனாவை எடுத்தேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர வீட்டில் யார் முகத்திலும் அது இல்லை. உன் தங்கச்சி அன்னலட்சுமிக்குக் கண்டிப் பள்ளிக்கூடத்து விடுதியில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று இன்னும் தெரியவில்லை. நம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது, விடுதி கிடைக்காவிட்டால் அவள் படிப்பும் அதோடு சரி. சோறு போட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். உன் அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை எல்லாம் நிறைவேற்ற வேண்டுமானால் நாம் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும்.

விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை பஸ் ஏறிக் கண்டிக்குப் பளீல் முதலாளியின் கடைக்குப் போகிறேன். நீ அவரிடம் வேலை பார்த்த காலத்திலிருந்து நம் கடிதமெல்லாம் அந்தக் கடை விலாசத்துக்குத்தானே வருகிறது. நான் படியேறுவதைக் கண்டதும் பாவம் அவரே கடிதம் வரவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஒரு பிளேன்டீ சொல்லி உட்காரவைப்பார். போன கிழமை கடையில் கலஹாப் பக்கத்து மனிதர் ஒருவர் தகரப்பெட்டி விலை பேசிக்கொண்டிருந்தார், மகளுக்கு அதே விடுதியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்துவிட்டதாம். தேத்தண்ணிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு மழையோடு மழையாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

விடுதிக்குப் பொறுப்பான அம்மா யாழ்ப்பாணத்து மனுஷி, ஞானேஸ்வரி என்று பெயர். கண்டிப்பான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் நனைந்த உடுப்போடு நின்ற என்னைக் கதிரையில் உட்காரச் சொன்னார், நான்தான் கதிரை நனையும் என்று நின்றுகொண்டேன். அன்னத்தின் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிள்ளை நல்லாய்ப் படிக்கிறாள், வகுப்பிலை இடம் இருக்கு. ஆனா விடுதி தூரத்துப் பிள்ளையளுக்குத்தான். நீங்கள் டவுனிலை கடைத்தெருவிலைதானே இருக்கிறியள், நடந்தே வரலாமே" என்றார். மகனே, விண்ணப்பத்தில் விலாசம் கேட்ட கட்டத்துக்குள் நாம் எழுதியிருந்தது பளீல் முதலாளியின் கடை விலாசம். தோட்டத்து விலாசம் கொடுத்தால் முடிவு வரும் கடிதம் ஆபீஸ் மேசையில் கிடந்து மக்கிப்போகும் என்று பயந்து, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாருமாகப் பேசித்தானே அப்படி எழுதினோம். கொழும்புக் கம்பனி உன்னை வேலைக்குக் கூப்பிட்ட கடிதம் நாள் தப்பிய பிறகு நம் கைக்கு வந்ததை யாரால் மறக்க முடியும். சூடு கண்ட பூனைகள் நாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது. நீ எழுதச் சொன்னாய் என்று உன் மேல் எனக்கு ஒரு பொட்டுக் கோபமும் கிடையாது, நீ அங்கே தனியாகக் கிடந்து இதை மனதில் போட்டு உழப்பாதே.

நாங்கள் தோட்டத்து ஆட்கள், லயத்து வரிசை வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். டவுன்காரர்களும் விடுதிக் கட்டிலுக்காக அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறார்களாம், கமிட்டி எழுத்தில் இருந்தால்தான் நம்புமாம். பிறப்புச் சான்றிதழைக் காட்டினேன், அது பிறந்த இடத்தைத்தானே சொல்லுது, இப்ப இருக்கிற இடத்தைச் சொல்லேல்லையே என்றார். அதுவும் நியாயம்தான். கிராம சேவகரிடம் போனால் தோட்டத்துச் சனம் தன் இடாப்புப் பதிவில் இல்லை என்கிறார். தோட்டத்துத் துரை லீவில் போய்விட்டார், நத்தார்ப் பண்டிகை கழிந்துதான் வருவாராம். பெரிய கிளாக்கர் தியாகராஜா ஐயா, துரை இல்லாமல் ஒரு எழுத்தும் தர மாட்டேன் என்று சொன்னதோடு நிற்கவில்லை. உன் அம்மா கால் ஏலாமல் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திவிட்டதால் வீட்டில் வேலைக்கு ஒரு ஆள் குறைகிறதாம், தை மாதம் மகளின் பேரை வேலைக்குப் பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் குடியிருக்கும் காம்பரா அறையைப் பற்றிக் கேள்வி வரும் என்றார். அவர் அதை நல்லது சொல்வது போலத்தான் சொன்னார்.

அதைவிட ஒரு காரியம் நடந்தது, எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முந்தாநாள் உன் அம்மா தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அன்னம் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். இடுப்பில் அம்மாவின் படங்குச் சாக்கு, முதுகில் அம்மாவின் கொழுந்துக் கூடை, கயிற்றைத் தலையில் மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா குடத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாளாம். பிள்ளை அழவில்லை, "கயிறு எனக்கு நீளமா இருக்கும்மா, கொஞ்சம் சுருக்கித் தாங்க" என்று மட்டும் கேட்டாளாம். நான் வெளியே விறகு பிளக்கிறேன் என்று போய்க் கோடாலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது உன்னால் ஆக வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நான் கிளம்பும்போது அந்த விடுதி அம்மாவே கூப்பிட்டு, திருகோணமலையிலை மகன் இருக்கிறார் எண்டியள், அவர் வீட்டுக்குக் கடிதம் போடுறவர்தானே, அப்படி வந்த உறை ஒண்டைக் கொண்டு வாங்கோ, கமிட்டிக்கு முன்னாலை வைக்கிறன் என்றார். கொண்டு வருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்து றங்குப்பெட்டியைக் கவிழ்த்தோம். உன் கடிதம் ஒன்றையும் அம்மா வீசவில்லை, எல்லாம் கட்டுக் கட்டாக இருக்கிறது. உறை உறையாகத் திருப்பிப் பார்த்தோம், எல்லாவற்றிலும் பளீல் முதலாளி கடை, பளீல் முதலாளி கடை. எழுதுகிறாய் மகனே, ஆனால் வீட்டுக்கு இல்லை. உன் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாப்பது வருஷமா இங்கதானே இருக்கோம், நாம இருக்கோம்னு சொல்ல ஒரு துண்டுக் கடுதாசி இல்லையா" என்று கேட்டாள். டவுனில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் லயம் என்ற சொல்லை விழுங்கிவிட்டுத் தெல்தோட்டைப் பக்கம் என்று சொல்லிப் பழகிய வாய் இது. இன்றைக்கு லயத்தில்தான் இருக்கிறோம் என்று ஊரெல்லாம் கெஞ்சிக்கொண்டு திரிகிறேன்.

பளீல் முதலாளியிடம் சொன்னேன். அந்த மனிதர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, என் கடைப் பேரால உங்க புள்ளைக்கு இப்படி ஆகணுமா என்று கண் கலங்கினார். தானே ஒரு கடிதம் எழுதித் தோட்டத்துக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். அந்த அம்மா கேட்டது மகன் வீட்டுக்கு எழுதிய கடிதம். அது உண்மையாகவே நீ எழுதியதாக இருக்கட்டும்.

ஆகையால் இது கிடைத்த அன்றைக்கே எழுது, பதிவுத் தபாலில் போடு, அப்போதுதான் ஆபீஸில் மூலையில் போட முடியாமல் என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். கமிட்டி கூடுவது இந்த வெள்ளி போக அடுத்த வெள்ளி. தபால் பை தூக்கும் கணபதியிடம் சொல்லிவைத்திருக்கிறேன், நானும் தினமும் பை வரும் நேரத்துக்கு ஆபீஸ் வாசலில் நிற்பேன், பெரிய கிளாக்கர் முறைத்தால் முறைக்கட்டும். உள்ளே என்ன எழுதுவது என்று யோசித்து நாளைக் கடத்தாதே, சாப்பிட்டேன் தூங்கினேன் என்று எழுதினாலும் போதும். உறைக்கு மேலே மட்டும் லயம், காம்பரா எல்லாம் விடாமல் பெரிய எழுத்தில் எழுது. உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே என்று கூசாதே, உன் தங்கச்சிக்காக ஒரு தடவை கூசாமல் எழுது.

கடலில் குளிக்கிறேன் என்று போன தடவை எழுதியிருந்தாய், அலை உள்ள நாளில் இறங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். அம்மா உன் தலையில் கை வைத்துத் திருநீறு பூசியதாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. கயிற்றை இன்னும் சுருக்கிக் கொடுக்கவில்லை என்று உனக்கு எழுதச் சொன்னாள். உன் கடிதம் வரும் வரைக்கும் சுருக்க மாட்டாளாம்.

விலாசம் உனக்குத் தெரியாததல்ல, நீ பிறந்த இடம்தான். ஆனாலும் உனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் நான் இதை எழுதியதில்லை, அதனால் கீழே முழுதாக எழுதுகிறேன், பார்த்து அப்படியே எழுது.

இப்படிக்கு உன் அப்பா,
ச. ராஜலிங்கம்,
மூன்றாம் காம்பரா, ஆறாம் லயம்,
கீழ்க்கணக்கு, சின்னமலைத் தோட்டம்,
தெல்தோட்டை.