எட்டாத ஏணை

2009 யூன் 3, புதன்

விடியலிலிருந்தே கச்சான் காற்று. கொடியில் போட்ட சீலைத் துண்டுகள் போட்ட கையோடு காய்ந்துவிடுகின்றன. வெயில் அல்ல, காற்றுத்தான் குடிக்கிறது.

பிள்ளையை ஆசுபத்திரியிலிருந்து கொண்டுவந்தாயிற்று. ஆரையம்பதி, தம்பி மனைவி நிர்மலாவின் வீடு. ஓட்டோவில் பின்னால் நிர்மலா, நான், என் மடியில் பிள்ளை. தம்பி ரவி முன்னால், ஓட்டோக்காரனோடு ஒட்டிக்கொண்டு. பாலத்தில் சோதனை. சிப்பாய் குனிந்து பார்த்தான், பிள்ளையைக் கண்டதும் போகச் சொல்லிக் கையசைத்தான். கல்லடி முடியும் வரை ரவி வலப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். கடல் இடப்பக்கம்.

வார்டில் ஒரு அம்மா கேட்டா: "முதல் புள்ளையா தம்பி?"

"அவக்கு முதல்" என்றான்.

அவனுக்கு இரண்டாவது. முதல் மனைவியும் மகளும் கல்லடியில் சுனாமி அலையோடு போய்விட்டார்கள். மகளுக்கு இரண்டு வயது. அவன் கையில்தான் இருந்தாள். இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னான்.

இங்கே பிள்ளைப்பேறு பார்ப்பது பெண்ணின் தாய்வீட்டு வேலை. நிர்மலாவின் அம்மா குவைத்தில், வீட்டு வேலையில். அதனால் மச்சாள் நான். வந்தாறுமூலையில், கம்பஸ் நூலகத்தில் எனக்கு வேலை, ஒரு கிழமை லீவு.

வாங்க: பிள்ளை பெற்றவளின் கறிக்குச் சரக்குத்தூள், உள்ளி, நல்லெண்ணெய், பால் ஊறப் பால்சுறா (கிடைத்தால்).

ரவி தண்ணீர் கொதிக்க வைக்கிறான், கடைக்கு ஓடுகிறான், மூத்திரச் சீலைகூடத் தோய்க்கிறான். பிள்ளையை மட்டும் இன்னும் தொடவில்லை.

யூன் 4, வியாழன்

காற்று. தலையெல்லாம் மண்.

ரவி பிள்ளையை ஆட்ட ஏணை கட்டினான். நிர்மலாவின் பழைய சேலை, ஊதா. கூரை வளையில் கயிறு போட்டு, இழுத்துப் பார்த்து, தானே தொங்கிப் பார்த்து. மேசன் வேலைக்காரன், முடிச்சில் பிழை வராது. உயரத்தில்தான் பிழை. என் தலைக்கு மேலே நிற்கிறது ஏணையின் அடி.

பக்கத்து வீட்டுப் பாக்கியமக்கா வந்து நிமிர்ந்து பார்த்தா.

"என்ன மனே, புள்ளைக்குக் கட்டினயா, வௌவாலுக்குக் கட்டினயா?"

"காத்து வரட்டும் எண்டுதான்."

"காத்து வேணுமெண்டா தென்னையில கட்டன்டா."

அவன் சிரிக்கவில்லை. நான் வாங்குப் பலகையில் ஏறித்தான் பிள்ளையைப் போட்டேன், ஏறித்தான் எடுத்தேன். நிர்மலாவுக்கு வயிற்றில் வெட்டிய காயம், வாங்கில் ஏற முடியாது. பாய்க்குப் பக்கத்தில் வைத்து எழும்பாமலே ஆட்டுவதுதான் ஏணை. இது எங்கேயோ வானத்தில் தானாக ஆடுகிறது.

மத்தியானம் அரை நித்திரையில் பார்த்தேன். ஊதாச் சேலைக்குள் ஒரு சிறிய பாரம், காற்றுக்குத் திரும்பித் திரும்பி. வீட்டுக்குப் பின்னால் உள்ள வாவியின் வெளிச்சம் சன்னலால் வந்து ஓட்டின் அடியில் நெளிந்தது. வீடு முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல. பயமாக இல்லை. அதுதான் விசித்திரம்.

யூன் 5, வெள்ளி

கடையில் ரேடியோ. போர் முடிந்த கதையே இன்னும். ஆட்கள் சாமானை வாங்குகிறார்கள், போகிறார்கள். பாக்கியமக்காவின் மகள் வன்னியில். முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னாராம், அது வேறு பிள்ளை என்று இன்னொருவர். அக்கா ஒவ்வொரு நாளும் வந்து எங்கள் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறா. "எல்லாம் இருக்குது, எல்லாம் இருக்குது" என்பா, விரல்களைத் தடவி.

குவைத்திலிருந்து போன். நிர்மலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"புள்ள ஆரப் போல?"

"அவரப் போலதான் அம்மா. நெத்தி அப்படியே."

"மருமகன் தூக்கினாரா?"

"ஓம் அம்மா. கீழ வைக்கிறாரே இல்ல."

சொல்லும்போது முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவி கிணற்றடியில். கேட்டிருக்கும். வாளி விழுந்த சத்தம்.

அவன் பிள்ளையை 'அது' என்கிறான். "அது அழுவுது." "அதுக்குப் பசியோ தெரியா."

யூன் 6, சனி

கொஞ்சம் மூட்டம், மழை இல்லை.

காலையில் வாங்கில் ஏறி ஏணையை இறக்கிக் கட்டப் பார்த்தேன். முடிச்சில் கை வைத்ததும் வாசலில் ரவி.

"கை வைக்காதக்கா!"

என் தம்பி என்னிடம் உரத்துப் பேசியது இதுவே முதல் தடவை. வந்து, நான் தளர்த்திய முடிச்சை இறுக்கினான். ஏணைக்கு அடியில் நேராக நின்றான். சேலையின் அடி அவன் முகத்தில் நாடிக்கு ஒரு விரல் மேலே. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து அளந்தான். மேசன் அளப்பது போலத்தான்.

அப்போது விளங்கியது. அலைக்குப் பிறகு நானும் அவனும் கல்லடிக்குப் போனோம். வீட்டில் ஒரு சுவர் மட்டும் மிச்சம், அதில் தண்ணீர் நின்ற கோடு, காவி நிறத்தில். அவன் போய் அந்தச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றான். கோடு சரியாக அவன் நாடியில். நான் "வாடா" என்றேன். வரவில்லை. பிறகு வந்தான்.

இந்த வீட்டுக்கு அலை வரவே இல்லை. சுவரில் ஒரு கோடும் இல்லை. கோடு அவன் உடம்பில் இருக்கிறது.

மத்தியானம் நிர்மலாவிடம் சொன்னேன். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிப் போட்டாள். பிறகு:

"அப்ப அவருக்கு மட்டும்தான் வாங்கு இல்லாம எட்டும், என்ன மச்சாள்?"

"ஓம்."

"அவிழ்க்காதீங்க. இருக்கட்டும்."

யூன் 8, திங்கள்

நேற்று எழுதவில்லை. நித்திரை.

அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு. எங்களுக்குப் பிள்ளை பிறந்த துடக்கு, போக முடியாது. உடுக்குச் சத்தமும் பாட்டும் காற்றில் வந்து வந்து போயின. இடையில் பெண்களின் குரவை. பிள்ளை நித்திரையில் வாயைக் கோணியது, சிரிப்பா தெரியாது. நிர்மலாவும் நானும் பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குப் பிள்ளை இல்லை. இன்று அது ஒரு செய்தி போல இருந்தது, வேறு யாரோ பற்றிய செய்தி.

புதன்கிழமை போகவேண்டும். பாக்கியமக்கா நேரே கேட்டா:

"நீ போனா மறுகா ஆரு கா ஏறி இறக்குற? அந்த நெட்டையன் தொடுறானுமில்ல, கட்டின ஏணைய அவிழ்க்க விடுறானுமில்ல."

லீவு கூட்டலாமா? எத்தனை நாளைக்குக் கூட்டுவது? நான் இருக்கும் வரை அவன் தொடமாட்டான். இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

யூன் 9, செவ்வாய்

கச்சான் திரும்பவும். கண் திறக்க முடியவில்லை.

பிள்ளையை ஏணையில் போட்டதும் நிர்மலா என்னைச் சந்தைக்கு அனுப்பினாள். "பால்சுறா வந்திருக்குமாம். நீங்களே போங்க மச்சாள். அவருக்கு மீன் பாக்கத் தெரியாது." போனேன். சுறா கிடைத்தது, சின்னது. திரும்பும்போது ஒழுங்கை முனையிலேயே அழுகை கேட்டது. ஓடினேன். மீன் பையிலிருந்து தண்ணீர் கால் வழியே ஒழுகியது.

வாசலுக்கு வந்த என்னை நிர்மலா கண்டாள். பாயில் சாய்ந்திருந்தாள். தலையை மெல்ல ஆட்டினாள், வராதே என்று. படியிலேயே நின்றுவிட்டேன்.

பின் கதவில் ரவி, கை முழுக்கச் சவர்க்கார நுரை.

"அக்கா வரட்டும்."

"அக்கா வரக் கனநேரம் ஆகும்."

"வாங்கைப் போட்டுத் தரட்டா?"

"இஞ்சாருங்க, வயிறு வெட்டின ஆள் நான். எனக்கு எட்டாது."

அழுகை உச்சத்துக்குப் போய், மூச்சுப் பிடித்து, சத்தமே இல்லாமல் நின்றது. அந்த இடைவெளியில் அவன் முகத்தைப் பார்த்தேன். அதை எழுதத் தெரியவில்லை. கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். திரும்பவும் துடைத்தான். பிறகு இரண்டே எட்டு. கைகளை மேலே தூக்கினான், சேலைக்குள் விட்டான். பிள்ளை வெளியே வந்தது, அவன் தலைக்கு மேலே, வெளிச்சத்தில், சிவந்து, காலை உதைத்துக்கொண்டு.

இறக்கவில்லை. அப்படியே உயர்த்திப் பிடித்தபடி நின்றான். பிள்ளைக்கு அழுகை நின்றுவிட்டது.

நிர்மலா எழும்பவில்லை. மிகச் சாதாரணமாகச் சொன்னாள்: "இஞ்ச தண்ணி இல்லங்க. ஒள்ளுப்பம் கீழ கொண்டு வாங்க. எனக்கு முகத்தைக் காட்டுங்க."

கொண்டுவந்தான். கொஞ்சம் கொஞ்சமாக. நெற்றி, நாடி, நெஞ்சு. நெஞ்சில் வந்து நின்றது. பிள்ளையின் முதுகுச் சீலையை இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்திருந்தான்.

"கிழியப் போகுது, சீலைய விடுங்க. அவள் விழமாட்டாள்."

நான் கிணற்றடிக்குப் போய் மீனை வெட்டினேன். செதில் இல்லாத மீனை எதற்காகச் சுரண்டிக்கொண்டிருந்தேனோ தெரியாது.

யூன் 10, புதன்

காற்று விழுந்துவிட்டது. வாவி அசையவில்லை.

சரக்குக் கறி இரண்டு நேரத்துக்குக் காணும். உள்ளி முடிந்தது, நிர்மலாவிடம் சொல்லிவிட்டேன். ஏணை அதே உயரத்தில். இறக்குவதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

போகும்போது எப்போதும் ரவிதான் சைக்கிளில் என்னைச் சந்திக்குக் கொண்டுபோய் விடுவான். பையை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். அறைக்குள்ளிருந்து குசுகுசுத்த குரல்:

"அக்கா, நடந்து போவியா? இவள் இப்பதான் என்ர நெஞ்சில நித்திரையானவள்."

பை நல்ல பாரம். சந்தி வரைக்கும் நடந்தேன்.