பெட்டியை ஏற்றிக்கொண்டு போன டிரைவருக்கு

அன்புள்ள சுலைமான் அண்ணாச்சிக்கு,

நேற்று உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹா. மதினி கையால் நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன். அழக்கூடாது என்றுதான் போனேன். ஆணியில் தொங்கிய உங்கள் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் முடியவில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு நன்றி சொல்ல விட்டீர்களா? வாயைத் திறந்தாலே, "போ தங்கச்சி, போயி பிள்ளையளுக்குப் பாடம் நடத்து" என்று விரட்டிவிடுவீர்கள். இனி எப்படி விரட்டுகிறீர்கள், பார்க்கிறேன்.

புதூரிலிருந்து கோவில்பட்டிக்கு அப்போது நீங்கள் ஓட்டிய ஒரு பஸ்தான். காலையில் போனால் பொழுதடையத்தான் திரும்பும். அது எந்நேரம் வரும் என்று யார் கண்டது? வழியிலிருந்த எங்கள் ஊரில் பயணம் போகிறவர்கள் சாமானை ரோட்டோர வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வீட்டில் இருப்பார்கள். நீங்கள் மூன்று தடவை ஹாரன் அடிப்பீர்கள். ஆள் ஓடிவந்தால் பயணம். வராவிட்டால் அது டவுனுக்குப் போகிற சரக்கு. மேலே ஏற்றிக் கட்டி, கோவில்பட்டியில் பஸ் நிற்கிற டீக்கடையில் இறக்கி வைத்துவிடுவீர்கள். ஒரு வத்தல் மூட்டைகூடக் காணாமல் போனதில்லை.

எனக்குப் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்கு. காலையிலேயே தகரப் பெட்டியை மரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன். கஞ்சி குடித்து முடித்த அப்பா திடீரென்று, "பொட்டப்புள்ள தனியா ரயிலேறிப் போவ வேண்டாம். பெட்டிய எடுத்துட்டு வா" என்றார். அவர் ஒன்றும் பொல்லாதவர் இல்லை, பயந்துவிட்டார். நான் அழுதுகொண்டு நிற்கும்போதே உங்கள் ஹாரன். ஒன்று, இரண்டு, மூன்று. அப்பா என்னை வாசலைத் தாண்ட விடவில்லை. பிறகு போய்ப் பார்த்தால் மரத்தடியில் பெட்டி இல்லை.

"என்ன மனுசன்யா இவரு! சரக்குன்னு நெனச்சு ஏத்திட்டுப் போயிட்டாரே!" ஏசிக்கொண்டே அப்பா மாட்டுவண்டி பூட்டினார், பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர. சாவி என்னிடம்தானே இருக்கிறது என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

முந்தின நாள் நல்ல மழை. கரிசல் சும்மா விடுமா? இரண்டு மைல் தாண்டியதும் உங்கள் பஸ் அச்சுவரை புதைந்து நிற்கிறது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளுகிறார்கள். சண்டை போட வந்த அப்பா மாடுகளை அவிழ்த்துப் பஸ்ஸில் பூட்டினார். கரிசலில் சிக்கிய வண்டியைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறவன் எங்கள் பக்கம் கிடையாது.

பஸ் மேடேறிய பிறகுதான், "பாய், எம் பெட்டிய எறக்கும்" என்றார்.

நீங்கள் முகத்துச் சேற்றைத் துடைத்தபடி சொன்னீர்கள்: "எறக்கிரலாம் அண்ணாச்சி. ஆனா அடியில கெடக்கு. மூடை பூராம் அவுக்கணும். இத்தன பேருக்கும் இன்னைக்கு வேல போயிரும். புள்ளையும் ஏறட்டுமே. ரயில்ல பொம்பளையாளுவ இருக்க எடமாப் பாத்து நானே ஏத்திவிடுதேன்."

"ஏட்டி, என்ன பாக்க? ஏறு!" என்று ஒரு அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். முழங்கால்வரை சேற்றோடு நின்ற அப்பா மாடுகளைத் திரும்ப வண்டியில் பூட்டினார். பிறகு, "போயிச் சேந்ததும் லெட்டர் போடு" என்றார்.

அண்ணாச்சி, அந்தப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்டில் 'முத்துலட்சுமி, பாளையங்கோட்டை' என்று கையகலத்துக்கு எழுதியிருந்தேன். அதைப் பார்த்துமா சரக்கு என்று நினைத்தீர்கள்? எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்! "மழையில எழுத்து தெரியல தங்கச்சி" என்பீர்கள். அன்று காலையில் ஒரு தூறல்கூட இல்லையே?

இப்போது நம் ரோட்டுக்குத் தார் போட்டாயிற்று. நாலைந்து பஸ் ஓடுகிறது, செருப்பில் கரிசல் ஒட்டாமல் ஏறுகிறோம். கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ். மில் சங்கு மட்டும் அதே சங்குதான்.

போன திங்கட்கிழமை எதிர்வீட்டுச் செண்பகம் மதுரைக்கு நர்ஸ் படிப்புக்குக் கிளம்பினாள். பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் அப்பாவுக்குப் பயம் வந்து, வீட்டுக்குள் ஒரே சத்தம். தெருமுனையில் பஸ் வந்து நின்றது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், பின்னாலேயே மகள்.

"டீச்சர், அது எம் மக பெட்டில்லா!"

"அய்யய்யோ! பள்ளிக்கூடத்துச் சாமான்னு நெனச்சு ஏத்திட்டேன். மழையில எழுத்து தெரியல."

சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மகளை ஏற்றி, தானும் ஏறிப்போய் மதுரையில் சேர்த்துவிட்டுத்தான் வந்தார்.

இனி எந்த வீட்டு வாசலில் பெட்டி இப்படி நின்றாலும் எனக்கும் எழுத்து தெரியாது, அண்ணாச்சி. இது சத்தியம்.

நீங்கள் ஏற்றிவிட்ட தங்கச்சி,
முத்துலட்சுமி