பதினோரு நாள் மலர்

ஜூன் 3

பெருமதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாண்டுக் காலம் கடிதம் எழுதாமல் இருந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தாவரத் தோட்டத்தின் கண்ணாடிக் கூடத்தில் என் பொறுப்பில் உள்ள ஆர்க்கிட் செடி நேற்று மலர்ந்தது. ஒரே மலர். பதினோரு நாள் தாங்கும். சென்ற ஆண்டு அதன் மகரந்தத்தையே அதற்கு இட்டுப் பார்த்தேன். காய் பிடிக்காமல் இரண்டே நாளில் பூ மஞ்சளித்து உதிர்ந்தது. வேறு செடியின் மகரந்தம் வேண்டும். நானறிந்தவரை இவ்வினத்தில் எஞ்சிய மற்றொரு செடி தங்கள் வனக்காவலர் குடியிருப்பில்தான் இருக்கிறது. அதுவும் இப்போது பூத்திருக்க வேண்டும். அதன் மகரந்தத்தைத் தபாலில் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள
தமக்கை

ஜூன் 6

அக்கா,

'பெருமதிப்பிற்குரிய'ன்னு பார்த்ததும் மேலதிகாரிக்கு வந்த தபாலைப் பிரிச்சுட்டேனோன்னு பயந்துட்டேன்.

பூ பூத்திருக்கு. ஒரு தீக்குச்சி போதும், மகரந்தத்தை எடுத்துடலாம். ஆனா கை வரலை. இந்தச் செடிங்க ஒட்டி வளர்ந்த காட்டு மரத்தை நான் உனக்கு மட்டும்தான் காட்டினேன். நீ பத்திரிகையில ஓடை, பாறை, எத்தனையாவது வளைவுன்னு வழியே போட்டுக் கொடுத்தே. மூணே வாரத்துல பதினேழு செடியைப் பட்டையோட உரிச்சுட்டுப் போயிட்டானுங்க. கீழ விழுந்து கிடந்த ரெண்டைத்தான் ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டோம். அப்பவும் நீ, "கட்டுரைன்னா துல்லியம் வேணும்"னுதானே சொன்னே?

இப்போ புத்தகம் எழுதறியாமே. இந்தப் பூ எத்தனையாவது அத்தியாயம்?

தம்பி

ஜூன் 8

தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். இன்னும் உட்காரவில்லை.

கல்லூரி வாசலை மிதிக்காத ஒருத்தியின் கட்டுரை அச்சேறுகிறது என்ற மயக்கம் அப்போது எனக்கு. படித்தவர்கள் ஒரு குறையும் சொல்லிவிடக் கூடாதென்று வளைவுகளைக்கூட எண்ணி எழுதினேன். அது துல்லியம் அன்று, கர்வம். பதினேழு செடிகளும் என்னால்தான் போயின. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்றாண்டுகள் ஆகியிருக்கின்றன.

புத்தகத்தின் கைப்பிரதியைப் பதிப்பாளரிடமிருந்து இன்று காலை திரும்ப வாங்கிவிட்டேன். அவர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

காய் பிடித்தால் முதிரப் பத்து மாதம். விதை செடியாக இன்னும் சில ஆண்டுகள். அத்தனையையும் நீயே கொண்டுபோய் எந்த மரத்தில் வேண்டுமானாலும் கட்டு. எந்த மரமென்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

இன்று ஏழாம் நாள். காலையிலிருந்து ஐந்து முறை போய்ப் பார்த்துவிட்டேன். ஓரிதழின் நுனி சுருளத் தொடங்கிவிட்டது. உடனே பதில் போடு.

அக்கா