பண்டெலிஸுக்குக் கொடுத்த கீரை

பிப்ரவரி 28, வெள்ளி

நல்ல வெயில். பாதாம் மரமெல்லாம் பூத்துக் கொட்டுகிறது. காப்பிக்கடை வாசலில் பண்டெலிஸை மூன்று ஆட்டம் பகடையில் தோற்கடித்தேன். "வயசாயிருச்சுடா, வீட்ல போய்த் தொட்டில்ல படுத்துக்க" என்றேன். "உன்னைவிட ரெண்டு வயசு சின்னவன்டா நான்" என்று காயைத் தூக்கி என்மேல் எறிந்தான்.

மார்ச் 3, திங்கள்

ஈஸ்டர் நோன்பு இன்று தொடக்கம். வழக்கம்போல ஊரே குன்றில் பட்டம் விட்டது. நான் ஒரு சாக்கு காட்டுக்கீரை பறித்தேன். கண்ணாடி எடுத்துப் போகவில்லை. எழுபது வருஷமாகப் பறிக்கிறவனுக்குக் கண்ணாடி எதற்கு? பாதியைப் பண்டெலிஸ் வீட்டில் கொடுத்தேன். அவன் பெண்டாட்டி கிறிசாந்தி, "மண்ணை அலசித் தந்தா கொறைஞ்சா போவீங்க அண்ணே?" என்றாள். "அப்புறம் உனக்கு என்ன வேலை?" என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

மூன்று மணிக்குக் கிறிசாந்தி காப்பிக்கடைக்கு ஓடி வந்தாள். மத்தியானம் பண்டெலிஸ் அந்தக் கீரையைத் தின்றானாம். பல்வலி என்று இவள் தொடவில்லை. "செவுத்தோட பேசுறாரு அண்ணே. செத்துப்போன ஆட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு. கண்ணு முழி பூரா கருப்பாக் கெடக்கு."

"உன்னைவிட ஆடு நல்லா பதில் சொல்லும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவனை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பக்கவாதமாக இருக்கலாம் என்றார்கள்.

அதே நாள், நாலு மணி

என் பங்குக் கீரையைத் தரையில் கொட்டினேன். கண்ணாடி போட்டேன்.

ஏழு செடி மாண்ட்ரகோரா. ஆடுகூட வாய் வைக்காத விஷம். பூ விடாதபோது கீரை மாதிரியே இருக்கும். எனக்குத் தெரியும். எங்கப்பா காட்டியிருக்காரு. தெரிஞ்சும் —

சொல்லாம இருந்தா தானாத் தெளிஞ்சிருவானா? சொன்னா ஊர்ல எவன் என் முகத்துல முழிப்பான்? அவன் போயிட்டா? நான்தானே கொன்னவன். பக்கவாதம்னு வேற வைத்தியம் பண்ணிட்டிருப்பாங்களே. எந்திரிடா கிழவா, செடியை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

அதே நாள், ஆஸ்பத்திரி

ரொட்டி வண்டியில் ஏறி வந்தேன். டாக்டர் சின்னப் பெண். செடியை மேசையில் வைத்து, "நான்தாம்மா பறிச்சுக் குடுத்தேன்" என்றேன். திட்டவில்லை. செடியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதுதான் இன்னும் பயம். கிறிசாந்தி என் பக்கமே திரும்பவில்லை.

மார்ச் 5

இன்னும் ஆட்டைத்தான் கூப்பிடுகிறான்.

மார்ச் 7, வெள்ளி

தண்ணீர் கேட்டானாம். டாக்டர் பெண் வெளியே வந்து சொன்னாள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 16, ஞாயிறு

கடைக்கு வந்தான். மெலிந்திருக்கிறான். கையில் ஒரு தட்டு, எலுமிச்சை பிழிந்து எண்ணெய் விட்ட கீரை. என் முன்னால் வைத்தான். "கிறிசாந்தி பறிச்சது. மொதல்ல நீ தின்னு. அரை மணி நேரம் பாத்துட்டு நான் தின்னுக்கறேன்."

கடையே சிரித்தது. தலைகுனிந்து தின்றேன். அவன் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.