பத்து மணிப் பால் நேரம்

1998 ஆகஸ்ட் 17, திங்கள்

மாசி மாதம் தோட்டத்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து போராடி நாங்கள் வாங்கிய பால் நேரம் இது. பத்து மணிக்குக் கைக்குழந்தைக்காரிகள் தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து, பிள்ளைகளை விட்டுவரும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். அன்று துரையின் ஜீப் கிட்டே வந்தும் எழும்பாமல் இருந்தவள் லெட்சுமி. அப்போது அவளுக்கு நிறைமாதம்.

அவள் பிள்ளை போன வாரம் காய்ச்சலில் செத்துப்போனது. இன்று வேலைக்கு வந்தாள். பத்து மணிக்குப் பழக்கத்தில் எங்களோடு அவளும் கூடையை இறக்கினாள். எங்களை மேய்க்கும் கணக்கப்பிள்ளை அவளை மறித்தார்.

"புள்ள இல்லாதவளுக்கு என்னா பால் நேரம்?"

"நெஞ்சு கல்லாட்டம் கட்டிக்கிருச்சுங்கய்யா. பீச்சிட்டு ஓடி வந்துர்றேன்."

"போய்க் கொழுந்தெடு."

நான் வாயைத் திறந்தேன். மகேஸ்வரி என் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருங்கக்கா. நமக்குக் குடுத்ததயும் புடுங்கிருவானுக."

எல்லோரும் இறங்கிப் போய்விட்டோம்.

மாலையில் கொழுந்து நிறுக்கும்போது லெட்சுமியின் சட்டை முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. மழை நாளில்தான் ஈரக் கொழுந்துக்கு எடை கழிப்பார்கள். இன்று நல்ல வெயில். அந்தப் பாவி கணக்கப்பிள்ளை அவள் மார்பைப் பார்த்தான். "ஒனக்கு மட்டும் மழ பேஞ்சிருக்கு போல" என்று இரண்டு கிலோ கழித்தான்.

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆபீஸ் வாசலில் அவளோடு வெயிலில் கிடந்தவர்களும்தான். லெட்சுமி வெறுங்கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

என் மகன் மடியில் குடித்துக்கொண்டிருக்கிறான். நாளைக்கும் பத்து மணிக்கு நான் கூடையை இறக்குவேன். அவள் நிற்கும் தேயிலை நிரைப் பக்கம் திரும்பாமல் போகவேண்டும்.