கடற்புறா வந்த சேதி

ராத்தா,

காலையில் லான்மடாவ் சந்தைக்குப் புது நெற்கதிர் வந்திருந்தது. குருவிகள் கொத்தித் தின்னட்டும் என்று பால்கனியில் தொங்கவிடுவோமே, அந்தக் கட்டு. விற்கிறவள் அதை என் கையில் வைத்ததும் வைக்கோல் வாசம் மூக்கில் ஏறியது, கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். எனக்கு ஒரு கட்டு போதும். பழக்கதோஷத்தில் உங்கள் பால்கனிக்கும் சேர்த்து இரண்டு வாங்கிவிட்டேன். மூச்சு வாங்கப் படியேறி வந்து, உங்கள் வீட்டுக் கதவில் தொங்கும் பூட்டைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. இரண்டையும் என் கம்பியிலேயே கட்டினேன். குருவிகளுக்கு இந்த வருஷம் கொண்டாட்டம்தான்.

நம் இருவர் பால்கனிக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. சாயங்காலம் நான் தையல் மெஷினை மூடிவிட்டு வந்து நிற்பேன். நீங்கள் மச்சானின் கயிற்றுக்கடைக்குச் சோறு அனுப்பிவிட்டு வந்து நிற்பீர்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பறவைச் சண்டையில்தான் போய் முடியும். நான் உள்ளூர்க் கட்சி. காகம், மைனா, குருவி, மூலைக்கு மூலை சோளம் பொறுக்கும் புறா, இவைதான் எனக்குப் பறவை. வெயிலோ மழையோ நம்மோடு கிடந்து அல்லாடுகிறவை. நீங்கள் விருந்தாளிக் கட்சி. விளக்குப் பண்டிகை முடிந்து எதிர்வீட்டுத் தகரக் கூரையில் முதல் வாலாட்டி இறங்கினால் போதும், என் கதவைத் தட்டுவீர்கள். "ஒண்ணு வந்துருச்சு புள்ள. இனி எல்லாம் வரும்." அப்புறம் தகைவிலான்கள் வந்து மின்கம்பி முழுக்க வரிசையாக உட்காரும். கடைசியில் ஆற்றுக்குக் கடற்புறா வரும். பர்மாக்காரர்கள் சொல்கிற மாதிரி நீங்களும் அதைச் சின்யோ என்றே சொல்வீர்கள்.

அக்கரையில் இருக்கிற தலா ஊருக்குப் போகும் படகில் நாம் ஏறியது எந்தக் காரியத்துக்காகவும் இல்லை. படகு நகர்ந்ததும் பின்னாலேயே கூட்டமாக வரும் சின்யோவுக்குப் பயாஜோ வடை போடத்தான். மற்றவர்கள் எல்லாம் படகில் விற்கிற பொரியை வாங்கிப் போடுவார்கள். உங்களுக்கு அது கௌரவக் குறைச்சல். விருந்தாளிக்குக் கடைச் சரக்கா என்று விடியற்காலையிலேயே பருப்பு அரைத்து, வெங்காயம் போட்டுப் பொரித்து, அடுக்குச் சட்டியில் எடுத்து வருவீர்கள்.

ஒரு வருஷம் உங்களுக்கு முட்டிவலி. படியிறங்க முடியவில்லை. ஆறு இங்கிருந்து கூப்பிடு தூரம்தானே, வாசம் பிடித்து அதுவே வரட்டும் என்று பால்கனியிலிருந்து பயாஜோவை வீசினீர்கள். சின்யோ வரவில்லை. கீழே குடை பிடித்துப் போன வீட்டுத் தரகர் தலையில் விழாமல் குடைமேல் விழுந்தது, அவர் செய்த புண்ணியம். ஆனால் ஊர்க் காகம் அத்தனையும் வந்தது. வந்ததோடு விட்டதா? வெயில்காலம் முழுக்க, மழைகாலம் முழுக்க உங்கள் அடுப்படி ஜன்னலில் வந்து நின்று அதிகாரம் பண்ணியது. "உங்க கட்சி ஆளுங்க வந்துருக்காங்க, கூப்பிட்டுக்க" என்று என்னிடம் கத்துவீர்கள். ஆனால் ஒரு நாளும் அவற்றைப் பட்டினியாக அனுப்பவில்லை.

சித்திரையில் தண்ணீர்ப் பண்டிகைக்குக் குயில் தொண்டை கிழியக் கூவும்போது ஆற்றில் ஒரு சின்யோ இருக்காது. நான் விடமாட்டேன். "பாத்தீங்களா, தின்னுட்டுப் போயிருச்சு உங்க விருந்தாளி. நன்றிகெட்ட ஜென்மம்."

"ஏசாதே புள்ள. பனிமலைக்கு அந்தப் பக்கம் அதுக்கு முட்டை போடுற ஏரி இருக்காம். போனா என்ன, வாற எடத்த மறக்குதா?"

நான் கடற்புறாவை ஏசவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பினாங்குக்குப் போன என் மகனைத்தான் ஏசினேன். எனக்கு அவன்மேல் ஆத்திரம். அவன் போன பிறகு வீட்டில் ஒரு தட்டு மட்டும் கழுவுவது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாயங்காலம் ஒரு கிண்ணம் குழம்பைக் கம்பிக்கு மேலாக நீட்டுவீர்கள், அவ்வளவுதான்.

மழை விடுகிற சமயத்தில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி. "வந்துருச்சா புள்ள?" படகுத்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருவேன். ஆறு வெறுமனே கிடக்கும். வந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பறவை விஷயத்தில் நாம் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டதில்லை, அதனால் சொல்லவில்லை. "இன்னும் இல்ல ராத்தா" என்றேன். "வரும். அது வராம எங்க போவும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். மறுநாள் நான் வந்தபோது கட்டில் காலி. மச்சான் கடையைக் கொடுத்துவிட்டுத் தன்லியினில் உங்கள் மகள் வீட்டோடு போய்விட்டார்.

இப்போது என் கதையைக் கேளுங்கள். மகன் பிடிவாதமாக நிற்கிறான். "வீட்ட வித்துட்டு இங்க வந்துருங்கம்மா. அங்க யாருக்காக இருக்கீங்க?" உங்கள் பயாஜோ விழுந்த அதே குடைத் தரகர்தான் ஆள் கொண்டுவந்தார். இன்று பதில் சொல்ல வேண்டிய நாள். போனால் இந்த வீடு போய்விடும். போகாவிட்டால் பேத்தி என்னைப் போனில் பார்த்தே வளர்வாள். ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தும் விடை கிடைக்கவில்லை.

நெற்கதிரைக் கட்டிவிட்டுத் திரும்புகிறேன், எதிர்த் தகரக் கூரையில் ஒரு வாலாட்டி. வாலை ஆட்டி ஆட்டி, சொந்த வீடு மாதிரி நடக்கிறது. மின்கம்பியில் தகைவிலான் வரிசைகூட வந்தாயிற்று, இத்தனை நாள் நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பருப்பை ஊறப்போட்டேன். தரகருக்குப் போன் பண்ணி, வீடு விற்பனைக்கு இல்லை என்றேன். மனுஷன் கோபித்துக்கொண்டார், கொள்ளட்டும். பிறகு மகனிடம் பேசினேன். "குயில் கூவுறப்ப வாறேன். மழை முழுக்க உன் பிள்ளையோட இருப்பேன். மழை விட்டதும் இங்க வந்துருவேன். வருஷா வருஷம் இப்படித்தான்." அவன் சிரித்தான். "இது என்னம்மா கணக்கு?" என்றான். சின்யோ கணக்கு என்றேன். நான் இல்லாத மாதங்களில் காகங்களுக்குச் சோறு வைக்க மாடிவீட்டு மா டின்னிடம் சொல்லியாயிற்று.

மத்தியானம் பயாஜோவோடு படகேறினேன். வெங்காயம் கொஞ்சம் கருகிவிட்டது, உங்கள் கைப்பக்குவம் எனக்கு வராது. நடு ஆற்றில் முதலில் ஒன்று வந்தது, பிறகு வெள்ளை வெளேரென்று ஒரு கூட்டம். நான் அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கையில் கடைசியாக இருந்ததை உயரத் தூக்கிப் பிடித்தேன். ஒன்று வந்து விரலில் அலகு படாமல் கவ்விக்கொண்டு போனது.

வந்துருச்சு ராத்தா.